ஏ.சி. போட்டால் மட்டும் கரகர சத்தம்: கம்ப்ரஸரை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேளச்சேரியில் இருக்கிறீர்கள், எட்டு வருடமான பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறீர்கள். ஏ.சி. பட்டனைத் தட்டினால் முன்பக்கத்திலிருந்து கரகரவென்று அரைக்கிற சத்தம் வருகிறது, அணைத்தால் நின்றுவிடுகிறது. சில நேரம் டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று பத்து நொடி அடித்துவிட்டு ஓய்கிறது. வண்டியை நிறுத்தியதும் உள்ளே எங்கோ ‘உஸ்’ என்று காற்று போகிறது. குளிர்ச்சி மட்டும் குறையவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, ‘கம்ப்ரஸர் போயிடுச்சு சார், 28,000 ஆகும்’ என்று சொல்லியிருக்கிறார். இது என்ன சத்தம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்தப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா, கொடுத்தால் சத்தம் போய்விடுமா என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவில் படித்துவிட்டு 22 வருடமாகச் சென்னையில் கார் ஏ.சி. வேலை மட்டும்தான் பார்க்கிறேன். வண்டியைக் கேட்காமல் இன்னது என்று தீர்ப்பு சொல்ல என்னால் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: ஏ.சி. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர்தான் கெட்டது என்று முடிவு கட்டும் அளவுக்கு இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதனால் இப்போதைக்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று சத்தமும் மூன்று தனித்தனி விஷயங்கள். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்த்ததால்தான் உங்களுக்கு இவ்வளவு பயம் வந்திருக்கிறது.

முதலில் அந்த ‘உஸ்’. அது பழுதே இல்லை. ஏ.சி. ஓடும்போது கேஸ் குழாயின் ஒரு பக்கம் 40 பி.எஸ்.ஐ. அளவிலும் மறுபக்கம் 200க்கு மேலும் அழுத்தம் இருக்கும். நம் டயரில் அடிக்கும் காற்றே 33 அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் நின்றதும் அதிக அழுத்தத்தில் இருக்கும் கேஸ், எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துவாரம் வழியாக மறுபக்கத்துக்குப் பாயும். இரண்டும் சமமாகும்வரை, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும். புது வண்டியிலும் கேட்கும். இதே ‘உஸ்’ ஏ.சி. ஓடும்போது விடாமல் கேட்டு, குளிர்ச்சியும் குறைந்தால் மட்டும் கவனியுங்கள். கேஸ் குறைந்துபோய், திரவத்தோடு ஆவியும் கலந்து வால்வைக் கடக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடுதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது, கம்ப்ரஸர் காய்ந்து ஓடும். உங்கள் வண்டியில் குளிர்ச்சி குறையவில்லை என்பதால் அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

டேஷ்போர்டுக்குள் அடிக்கும் டக் டக்கும் கம்ப்ரஸருக்குச் சம்பந்தம் இல்லாதது. வெளிக்காற்று வேண்டுமா, உள்காற்றே சுற்ற வேண்டுமா, முகத்துக்கா, காலுக்கா என்று காற்றைத் திருப்பிவிடப் பிளாஸ்டிக் கதவுகள் உள்ளே இருக்கின்றன. அவற்றில் சிலதைச் சின்ன மோட்டார் அசைக்கும். அந்த மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால், கதவு முழுக்கப் போகாமல் அதே இடத்தில் வழுக்கி வழுக்கி அடிக்கும். உள்காற்றுப் பட்டனை மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள், அப்புறம் வெப்பநிலையைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எதைத் தொட்டால் அடிக்கிறதோ அந்தக் கதவின் மோட்டார்தான். அவசரமே இல்லை, வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்தால் வேலை சுலபம். நடுவில் இருந்தால் டேஷ்போர்டை இறக்க வேண்டிவரலாம், அதைக் கேட்டுக்கொண்டு சம்மதியுங்கள்.

சரி, கரகரவுக்கு வருவோம். ஏ.சி. போட்டால் வருகிறது, அணைத்தால் போகிறது, ஆகவே கம்ப்ரஸர். இப்படித்தான் உங்கள் மெக்கானிக் யோசித்திருக்கிறார். சென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் யோசிக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டனை அழுத்தும்போது கம்ப்ரஸர் மட்டுமா ஓட ஆரம்பிக்கிறது? கம்ப்ரஸரின் கிளட்ச் பிளேட், பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியோடு ‘டக்’ என்று ஒட்டிக்கொள்கிறது. பெல்ட்டின் மேல் பாரம் ஏறுகிறது. சூடான கேஸை ஆற்றித் திரவமாக்க ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரைக் குளிர்விக்க முன்பக்க ஃபேன் சுற்றத் தொடங்குகிறது. கூடுதல் பாரத்தைத் தாங்க இன்ஜினின் ஐடில் வேகம், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம், மாறுகிறது. அந்த அதிர்வு இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டுக்கும் கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் போகிறது. இதில் எது கரகரத்தாலும், கேட்கிறவருக்கு ‘ஏ.சி. போட்டால் வருகிறது’ என்றுதான் தெரியும்.

உங்கள் கேள்வியின் கடைசியில் இரண்டு விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி பம்பர் உயரத் தண்ணீரில் ஒன்றரை நாள் நின்றது என்பது ஒன்று. கத்திரி வருமுன் ஏப்ரலில் கேஸ் போட்டீர்கள், இரண்டு வாரம் கழித்துச் சத்தம் ஆரம்பித்தது என்பது இன்னொன்று. என் கண்ணுக்கு இந்த இரண்டும்தான் முக்கியமாகப் படுகின்றன.

தண்ணீர் நின்றதை முதலில் பார்ப்போம். பம்பர் உயரம் என்றால் முன்பக்க ஃபேன் மோட்டார், கம்ப்ரஸர் புல்லி, அதன் பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாமே முழுகியிருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஸரின் உட்பகுதி கேஸ் வெளியே வராதபடி மூடி இருப்பதால் தண்ணீர் சுலபத்தில் போகாது. ஃபேன் மோட்டாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சகதித் தண்ணீர், மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ்ஷுக்குள் போய்க் காய்ந்து, துரு பிடித்து, மாதக்கணக்கில் மெல்லத் தேய்ந்து, அப்புறம் ஒரு நாள் அரைக்க ஆரம்பிக்கும். அந்த மழைக்குப் பிறகு என்னிடம் வந்த தென்சென்னை வண்டிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு வண்டியில் ஃபேனைக் கழற்றிக் கையால் சுற்றியபோது, மணலைப் போட்டு அம்மியில் அரைப்பது போல விரல் நுனியில் தெரிந்தது. மோட்டாரைக் கவிழ்த்ததும் காய்ந்த களிமண் தூளாகக் கொட்டியது. அந்த வண்டிக்கும் அதற்கு முன் இன்னொருவர் கம்ப்ரஸர் என்றுதான் சொல்லியிருந்தார்.

இதைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். ஃபேன் கரண்டில் ஓடுகிறது, கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, பானட்டைத் திறந்துவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். கரகர ஆரம்பித்ததும் உள்ளே இருப்பவர் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்து 2,000 ஆர்.பி.எம். வரை கொண்டுபோகட்டும். வெளியே நிற்கும் நீங்கள் கேளுங்கள். இன்ஜினோடு சேர்ந்து கரகரவும் வேகமாக ஏறினால், பெல்ட்டோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான்: கம்ப்ரஸர், கிளட்ச், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, இவற்றில் ஒன்று. இன்ஜின் ஏறியும் கரகர அதே வேகத்தில் இருந்தால் ஃபேன். வேகம் கூட்டியதும் சத்தமே காணாமல் போய், ஐடிலில் மட்டும் மறுபடி வந்தால் தளர்ந்த பிராக்கெட், தேய்ந்த மவுண்ட், பாடியில் உரசும் ஏ.சி. குழாய் என்று தேட வேண்டும்.

அடுத்து கிளட்ச்சைக் கவனியுங்கள். உங்கள் மாதிரி எட்டு வருட வண்டியில் பெரும்பாலும் கிளட்ச் வைத்த கம்ப்ரஸர் இருக்கும். தேவையான குளிர் வந்ததும் அது ‘டக்’ என்று விடுபடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கும். விடுபட்ட அதே நொடியில் கரகர நின்றால் சந்தேகம் கம்ப்ரஸர் பக்கம் போகிறது. கிளட்ச் விட்ட பிறகும் ஃபேன் ஓடி, ஃபேன் ஓடும்வரை கரகரவும் இருந்தால் ஃபேன்தான். சில வண்டிகளில் கிளட்ச்சும் ஃபேனும் ஒரே நேரத்தில் நிற்கும், அதில் இந்தச் சோதனை உதவாது. அப்போது மெக்கானிக்கை வைத்து ஃபேனுக்குக் கரண்ட் போகும் கனெக்டரை மட்டும் 20 நொடி கழற்றிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம், காற்று இல்லாமல் கண்டென்சரில் அழுத்தம் ஏறிவிடும். இன்னொன்றையும் மறக்காமல் செய்யுங்கள்: துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பானட்டுக்குள் போகக் கூடாது. இன்ஜினை அணைத்த பிறகும் சூட்டில் சில வண்டிகளின் ஃபேன் தானாகச் சுற்றும். விரல் போனவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

புல்லி பேரிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தண்ணீரில் நின்ற வண்டியில் அதுவும் போகும். ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் இன்ஜின் ஓடும்வரை புல்லி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் பேரிங் போனால் ஏ.சி.யை அணைத்த பிறகும் சத்தம் இருக்கும். உங்களுக்கு அணைத்தால் முழுக்க நின்றுவிடுகிறது என்றால் பேரிங் நல்லபடி இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒருவேளை பேரிங்தான் என்று தெரிந்தாலும் முழு கம்ப்ரஸரை மாற்ற வேண்டியதில்லை. பல மாடல்களுக்குப் பேரிங் தனியாகவும், கிளட்ச் செட் தனியாகவும் சென்னையில் கார் பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் கிடைக்கிறது. இடம் இருந்தால் கேஸைக்கூட இறக்காமல் வண்டியிலேயே வைத்து மாற்றிவிடலாம்.

இப்போது அந்த ஏப்ரல் கேஸ். உங்கள் பானட்டின் அடியிலோ ரேடியேட்டர் மேல்தகட்டிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் வருட வண்டியில் ஆர்-134ஏ என்றுதான் இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள்தான் அளவு. தராசில் நிறுத்துப் போடாமல், மீட்டர் முள்ளைப் பார்த்துக் கண் மதிப்பில் கேஸ் போடும் வழக்கம் இங்கே நிறைய. 400 கிராம் வண்டியில் 100 கிராம் கூடப் போனால் கால் பங்கு அதிகம். மே மாத நண்பகலில், தரமணி சிக்னலில் நிற்கும்போது அழுத்தம் மிக அதிகமாகி, கம்ப்ரஸர் பாரம் தாங்காமல் உறுமும், சில நேரம் தட்டும். காலையில் அதே வண்டி அமைதியாக ஓடும். உங்களுக்கும் காலையில் சத்தம் குறைவாகவும் மதியம் அதிகமாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால், இருக்கும் கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, ஸ்டிக்கரில் உள்ள கிராமை நிறுத்துப் போடச் சொல்லுங்கள். வேக்கம் போடும் நேரத்தைக் குறைக்க விடாதீர்கள். குழாய்க்குள் இருக்கும் ஈரப்பதம் ஆவியாகி வெளியேற அந்த நேரம் வேண்டும், நம் கடலோர ஊரில் அது இன்னும் அவசியம். கேஸ் போட்டபோது ‘லீக் அடைக்கும் மருந்து’ என்று ஏதாவது சேர்த்தாரா என்றும் கேளுங்கள். சேர்த்திருந்தால் அடுத்து வேலை செய்பவரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும், அவருடைய மெஷினையும் அது அடைத்துவிடும்.

நான் ஏன் இவ்வளவு நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இதே தவற்றை நானே செய்திருக்கிறேன். வேலைக்கு வந்து நாலாவது வருடம், கத்திரி நேரம். விமான நிலையத்துக்குச் சவாரி ஓட்டும் ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். ஏ.சி. போட்டால் தடதடவென்று சத்தம். கடையில் கூட்டம் நெரிந்தது. கேட்டேன், கம்ப்ரஸர் என்றேன், இறக்கினேன், ரீகண்டிஷன் செய்த வேறொன்றை ஏற்றினேன். சாவியைத் திருப்பினால் அதே தடதட. அப்புறம்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட்டின் காதில், போல்ட் துவாரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல். விரிசலின் ஓரம் உரசி உரசிப் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. கழற்றும்போதும் மாட்டும்போதும் இரண்டு முறை அந்த இடத்தில் ஸ்பேனர் வைத்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. பிராக்கெட்டுக்குப் பணம் வாங்கவில்லை, கம்ப்ரஸர் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவருக்கு இரண்டு நாள் சவாரி போனது போனதுதான். அன்றிலிருந்து போல்ட்டையும் பிராக்கெட்டையும் கையால் அசைத்துப் பார்க்காமல் கம்ப்ரஸர் என்ற வார்த்தையை நான் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

சோதித்துப் பார்த்த பிறகு கம்ப்ரஸரின் உட்பகுதிதான் என்று உறுதியானால், அப்போதும் அந்த 28,000 எதற்கெல்லாம் என்று கேளுங்கள். உள்ளே தேய்ந்து அரைத்த கம்ப்ரஸர், உலோகத் தூளைக் குழாய் முழுக்க அனுப்பியிருக்கும். குழாயின் ஒரு இணைப்பைக் கழற்றி, அதில் இருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தெளிவாக இருந்தால் நல்ல செய்தி. கறுப்பாக, வெளிச்சத்தில் வெள்ளித் தூள் மாதிரி மின்னினால், கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதுதான். இன்றைய கண்டென்சரின் துவாரங்கள் மிக நுண்ணியவை, தூள் போய்ச் சிக்கினால் கழுவி முழுதாக எடுக்க முடியாது. கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் மாற்றி, குழாய்களையும் டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்து, சரியான அளவு எண்ணெய் விட்டால்தான் புதுக் கம்ப்ரஸர் நிற்கும். இல்லையென்றால் பழைய தூளே அதையும் தின்றுவிடும். ஆறு மாதத்தில் இரண்டாவது கம்ப்ரஸர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இதே மாதிரி சந்தேகத்தோடு படிக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். ஏ.சி. போட்டதும் ‘கீச்’ என்று கத்தினால் பெல்ட்டைப் பாருங்கள். ஓடும் பெல்ட்டின் மேல் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, சற்று நேரம் அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. வண்டிக்குள் காற்று ஊதும் ஃபேனான ப்ளோயரின் வேகத்தைக் கூட்டினால் டேஷ்போர்டுக்குள் படபடவென்று அடிக்கிறது என்றால், வேப்பிலையோ பெருங்கொன்றைப் பூவோ ப்ளோயருக்குள் விழுந்திருக்கும். இன்ஜினைப் போடாமல் ப்ளோயரை மட்டும் ஓட்டினாலே அது கேட்கும். மழைக்காலத்தில் எலியும் அங்கேதான் குடியேறுகிறது. போன வருடம் ஒரு கேபின் ஃபில்டரை இழுத்தபோது தேங்காய் நாரும் பானட் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சும் சேர்ந்து கிண்ணம் மாதிரி ஒரு கூடு வந்தது, அதில் கண் திறக்காத மூன்று குஞ்சுகள். வண்டி திரும்பும்போது இடப்பக்கம் தண்ணீர் சலசலத்தால் கூலிங் காயிலின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டத்தான் வேண்டும், சொட்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். ஆனால் டேஷ்போர்டுக்குள் களகளவென்று கொதிப்பது போலக் கேட்டால் முதலில் இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். அது ஏ.சி. பிரச்சினையாக இல்லாமல் இன்ஜினையே கெடுக்கும் பிரச்சினையாக இருக்கலாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் நான் சொன்ன எதையும் முயல வேண்டாம். அதில் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, எண்ணெயும் வேறு. வேகமாகச் சார்ஜ் ஏறும்போது பேட்டரியைக் குளிர்விக்க அது சத்தமாக ஓடுவது இயல்புதான், மற்றபடி ஆரஞ்சு நிறக் கேபிள் இருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம் முதலில் ஃபேன் மோட்டார், அடுத்து அளவுக்கு மீறிய கேஸ், மூன்றாவதுதான் கம்ப்ரஸர். ஆக்ஸிலரேட்டர் சோதனையில் சத்தம் இன்ஜினோடு ஏறினால் இந்த வரிசையை நானே மாற்றிக்கொள்வேன். மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். ‘அண்ணே, ஃபேன் கனெக்டரைக் கழற்றி ஒருதடவை கேட்டுப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் உடனே செய்வார். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். ஏ.சி.யை அணைத்தால் சத்தம் முழுக்க நிற்கும்வரை, ஏ.சி. இல்லாமல் ஓட்டலாம். ஆனால் கரகரப்பது ஃபேன் என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், பெரும்பாலான வண்டிகளில் அதே ஃபேன்தான் ரேடியேட்டரையும் குளிர்விக்கிறது. டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஏ.சி. அணைத்த பிறகும் சத்தம் வர ஆரம்பித்தால் வண்டியை அன்றே கொடுத்துவிடுங்கள். பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் நிற்கும், அதே பெல்ட்டில் வாட்டர் பம்ப்பும் ஓடும் வண்டியாக இருந்தால் இன்ஜின் சில நிமிடத்தில் கொதித்துவிடும். சோதனையை வீடியோவாக எடுத்து இங்கேயே போடுங்கள். எப்போது ஏ.சி. போட்டீர்கள், எப்போது ஆக்ஸிலரேட்டர் மிதித்தீர்கள் என்று வாயால் சொல்லிக்கொண்டே எடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.